ஹாப்சன்-ஜாப்சன் அகராதி: ‘லூட்’ என்ற ஒரு பதிவுக்காகவே வாங்கலாம்

கம்பெனி காலத்து ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டுகிற மொழிபெயர்ப்பாளர் யாராக இருந்தாலும் இந்தப் புத்தகத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். ஹென்றி யூலும் ஆர்தர் கோக் பர்னெலும் சேர்ந்து தொகுத்த ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதி இது, அதாவது இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்களின் பேச்சில் புழங்கிய சொற்களின் அகராதி. லண்டனில் ஜான் மர்ரே பதிப்பகம் 1886இல் வெளியிட்டது. வில்லியம் க்ரூக் திருத்திச் சேர்த்த இரண்டாம் பதிப்பு 1903இல் வந்தது. இன்று கடையில் கிடைக்கும் மறுபதிப்புகளில் பெரும்பாலானவை அந்த 1903ஆம் வருடப் பதிப்பின் பக்கங்களை அப்படியே படமெடுத்து அச்சடித்தவை. ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும். ஒரு பக்கத்துக்கு இரண்டு பத்தி, பொடி எழுத்து.

நான் பிழைப்புக்காகச் செய்வது இரண்டு வகை மொழிபெயர்ப்பு. ஒன்று, வரலாற்றுப் புத்தகங்கள். இன்னொன்று, வழக்குக் காகிதங்கள். இரண்டிலும் அடிக்கடி வந்து நிற்கிற சொல் ‘லூட்’. அதனால் இந்த அகராதியை அந்தச் சொல்லை வைத்தே எடைபோடப் போகிறேன். ஒரு அகராதி முழுவதையும் யாரும் படித்து முடித்துவிட்டு மதிப்புரை எழுத முடியாது. ஒரு பதிவை அடிவரை படித்தால் அதைச் செய்தவர்களின் கை தெரிந்துவிடும்.

பதிவு இப்படித் தொடங்குகிறது: பெயர்ச்சொல்லாகவும் வினையாகவும் வரும். பொருள், கொள்ளை. இந்துஸ்தானியில் ‘லூட்’. அது சமஸ்கிருத ‘லோத்ர’, அதாவது ‘லோப்த்ர’ என்பதிலிருந்து வந்தது, வேர் ‘லுப்’ என்கிறார்கள் மூல ஆசிரியர்கள். அடுத்து ஒரு சதுர அடைப்புக்குள், ‘அதைவிட லுண்ட் என்பதே பொருத்தம், கொள்ளையடித்தல் என்று பொருள்’ என்று க்ரூக் திருத்துகிறார். சதுர அடைப்பில் வருவதெல்லாம் அவர் சேர்த்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், பதினேழு வருட இடைவெளியில் இருவேறு தலைமுறை அறிஞர்கள் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொள்வது கேட்கும்.

அடுத்த வரியில் காலக்கணக்கு. 1788இல் அச்சான ஒரு சொற்பட்டியலிலேயே இந்தச் சொல் இருக்கிறது. ஆக, இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்களின் பேச்சில் அது அப்போதே பழகிவிட்டது. ஆனால் இங்கிலாந்துக்குள் போய்க் குடியேற அதற்கு இன்னும் அரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது. அகராதி மூன்று போர்களைக் காட்டுகிறது: 1841 சீனப் போர், 1854-55 கிரிமியப் போர், 1857-58 இந்தியக் கிளர்ச்சி. இந்த மூன்றுக்கும் நடுவில்தான் சொல் படிப்படியாக லண்டன் வாய்க்குள் போனது என்று எழுதுகிறார்கள். பட்டாளம் போன இடமெல்லாம் சொல்லும் போயிருக்கிறது. சீனப் போருக்குக் கப்பலேறிப் போனவர்களில் மதராஸ் காலாட்படையினரும் உண்டு.

இந்தப் பயணம் எவ்வளவு வேகமாக நடந்தது என்பதற்கு ஒரு சான்றையும் கையோடு கொடுக்கிறார்கள். அட்மிரல் ஸ்மித் தொகுத்து 1867இல் வெளியான கப்பல் சொற்களின் அகராதியில், லூட் என்பது ‘சீனாவிலிருந்து எடுத்துக்கொண்ட சொல்’ என்று அச்சாகியிருக்கிறது! கங்கைக் கரையில் பிறந்த சொல்லுக்குக் கான்டன் துறைமுகத்தில் பிறப்புச் சான்றிதழ். இங்கிலீஷ் மாலுமிகள் அதை எங்கே, என்ன செய்துகொண்டிருந்தபோது கேட்டார்கள் என்பது அந்தத் தவறிலிருந்தே தெரிந்துவிடுகிறது.

இனி மேற்கோள்கள். இந்த அகராதியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே வருட வாரியாக, யார் எந்த இடத்தில் எப்படி எழுதினார்கள் என்று அடுக்கிவிடுகிறார்கள். ‘லூட்’ பதிவில் முதலில் நிற்பவர் புனித சவேரியார். முத்துக்குளித்துறைக் கரையில் பரதவர்களோடு நடந்து திரிந்த அதே பிரான்சிஸ் சேவியர். 1545இல் போர்ச்சுகலில் இருந்த ஒரு நண்பருக்கு அவர் எழுதிய கடிதம் அது. உன் நண்பர்கள் யாரையும் அரசனின் பணத்தை நிர்வகிக்கும் பதவியில் இந்தியாவுக்கு அனுப்பிவிடாதே என்று கெஞ்சுகிறார். லூட் என்ற சொல் அதில் இல்லை, ஆனால் அவர் மனத்தில் இருந்தது அதுதான் என்று சொல்லியே அகராதிக்காரர்கள் இதைச் சேர்த்திருக்கிறார்கள். மேற்கோள் லத்தீனிலேயே கிடக்கிறது, மொழிபெயர்ப்பு கிடையாது. லத்தீன் படித்த ஒரு பாதிரியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நிறுத்தி நிறுத்திப் பொருள் சொன்னார்: ‘எங்கும், எப்போதும், பறிக்கிறார்கள், குவிக்கிறார்கள், கொண்டுபோகிறார்கள். ஒருமுறை பிடித்தது திரும்பி வருவதே இல்லை.’ அதற்கடுத்த வாக்கியத்தைப் படித்துவிட்டு அவரே வியந்துபோனார். ‘பறி’ என்ற அந்தக் கேடுகெட்ட வினைச்சொல்லை, வழக்கமாக உள்ள வடிவங்கள் போதாதென்று, பேராசை இங்கே எத்தனை புதுப்புது விகுதிகளோடு திரித்துப் பயன்படுத்துகிறது என்று சவேரியார் மலைக்கிறார். போர்த்துக்கீசிய அதிகாரிகளின் சுரண்டலை இலக்கணப் பாடமாக எழுதிய இந்த வரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இந்த ஒரு மேற்கோளுக்கே புத்தகத்தின் விலை தகும்.

அதற்கப்புறம் ஏறக்குறைய மூன்று நூறு வருடம் தாண்டி 1842. காலின் கேம்பல் (பிற்பாடு கிளைட் பிரபு ஆனவர்) சீனப் போரிலிருந்து வீட்டுக்கு எழுதுகிறார்: நான் லூட் எதுவும் எடுக்கவில்லை என்று முன்பே சொல்லியிருக்கிறேன், கொள்ளைக்கு இந்தியச் சொல் அது, ஆகவே அந்த மாதிரி எதுவும் என்னிடம் இல்லை. இந்த வாக்கியத்தை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லின் பொருள் தெரியாது, அதனால் விளக்க வேண்டியிருக்கிறது. ஆனால் போருக்குப் போனவர் ஏதாவது கொண்டுவந்து காட்டுவார் என்ற எதிர்பார்ப்பு மட்டும் அந்த வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது.

அதே 1842இல் எல்லன்பரோ பிரபு வெலிங்டன் கோமகனுக்கு எழுதிய கடிதத்தில், சாகர் மாவட்டத்தில் தீவைப்பும் ‘அவர்கள் சொல்கிறபடி லூட்டிங்கும்’ நடக்கிறது என்று வருகிறது. ‘அவர்கள் சொல்கிறபடி’ என்ற ஒட்டைக் கவனியுங்கள். ஐந்தே வருடத்தில் அது உதிர்ந்துவிடுகிறது. 1847இல் மாம்ஸ்பரி பிரபு, பிரெஞ்சுத் தளபதி சூல்ட் ஸ்பெயினில் ‘லூட்’ செய்த ஓவியங்களைப் பார்க்கப் போனேன், முரில்லோ வரைந்தவை பல, எல்லாமே அழகு என்று சாதாரணமாக எழுதிப்போகிறார். விளக்கமும் இல்லை, இந்தியாவும் இல்லை. ஐரோப்பியன் ஐரோப்பியனிடம் பறித்ததைச் சொல்லவும் சொல் தயாராகிவிட்டது.

அப்புறம் 1858. எல்ஜின் பிரபு சீனாவுக்குத் தூதராகப் போயிருந்த காலத்துக் குறிப்பு. சாதாரண ஆங்கிலத்தில் திருட்டு என்று அழைக்கப்பட வேண்டிய ஒன்றுக்கு, லூட் என்ற சொல் மன்னிக்கத்தக்க சிறு பிழையின் தன்மையைக் கொடுத்துவிடுகிறது, அது வருந்தத்தக்கது என்கிறார். இந்தச் சொல்லைப் பற்றி இவ்வளவு துல்லியமாக வேறு யாரும் சொல்லி நான் படித்ததில்லை. அயல்மொழிச் சொல்லில் சொன்னால் குற்றத்தின் எடை குறைந்துவிடும் என்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் இதே எல்ஜின் தான் 1860 அக்டோபரில் பீக்கிங் நகருக்கு வெளியே இருந்த கோடை அரண்மனையைக் கொளுத்த ஆணையிட்டவர். பிரெஞ்சு, பிரிட்டிஷ் படைகள் அதற்கு முன்பே அங்கே புகுந்து அள்ளியாயிற்று. பிரிட்டிஷ் தரப்பில் அள்ளியதை ஏலம் போட்டுப் படைக்குள் பங்கும் பிரித்தார்கள். பார்த்தினன் சிற்பங்களை ஏதென்ஸிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோன எல்ஜின் இவருடைய தகப்பனார். இந்தக் குடும்ப விவரமெல்லாம் அகராதியில் கிடையாது. பெயரையும் வருடத்தையும் மட்டும் கொடுத்துவிட்டு அவர்கள் நகர்ந்துவிடுகிறார்கள், மீதியைத் தேடிப்போவது படிப்பவர் பாடு. எனக்கு இந்த முறை பிடிக்கும்.

பதிவில் இல்லாத, ஆனால் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டிய ஒரு செய்தியை நானே சொல்லிவிடுகிறேன். அந்தக் கோடை அரண்மனையிலிருந்து ஒரு சின்னஞ்சிறு பீக்கினீஸ் நாயையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஜான் ஹார்ட் டன் என்ற படைத்தலைவர் கொண்டுவந்து 1861இல் விக்டோரியா மகாராணிக்குக் கொடுத்தார். நாய்க்கு வைத்த பெயர் ‘லூட்டி’. பிரடரிக் கைல் அதை ஓவியமாக வரைந்தார், அந்தப் படம் இன்றும் அரச குடும்பத்துச் சேகரிப்பில் இருக்கிறது. அரண்மனையில் பட்டுத் திண்டில் உட்காருகிற செல்லப் பிராணிக்கே அந்தப் பெயரைக் கூசாமல் வைக்க முடிந்தது என்றால், எல்ஜின் சொன்ன ‘மன்னிக்கத்தக்க தன்மை’ எவ்வளவு தூரம் போயிருந்தது என்பது விளங்கும்.

1864 மேற்கோளும் விட்டுவிடக் கூடாதது. அதே அட்மிரல் ஸ்மித் சொல்கிறார்: 1845இல் கிராமங்கள் ‘லூட்’ ஆனதைப் பற்றி நான் எழுதியபோது, அதிகம் பேருக்குத் தெரியாத சொல் என்பதால் சாய்வெழுத்தில் அச்சிட்டார்கள். இப்போது அந்த வேறுபாடு தேவையில்லை, துரதிர்ஷ்டவசமாக அது சகஜமாகிவிட்டது. ஒரு அயற்சொல் எப்போது சொந்தச் சொல் ஆகிறது என்று கேட்கிற மாணவர்களுக்கு நான் இந்த வரியைத்தான் காட்டுவேன். அச்சுக்கோப்பவர் சாய்வெழுத்தை எடுத்துவிட்ட நாள் அது.

சரி, இத்தனையும் ‘லூட்’. அதற்கு அடுத்ததாக ‘லூட்டி, லூட்டிவாலா’ என்று தனிப்பதிவு இருக்கிறது. கொள்ளையடிக்கிறவன் என்று பொருள். நம் ஊர்க்காரர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டிய பதிவு இது. ஏனென்றால் இதில் வருகிற மேற்கோள்கள் பலவும் மதராசைச் சுற்றியும் மைசூர்ப் போர்களைச் சுற்றியும் சுழல்கின்றன. 1782ஆம் வருடத்து ஒரு மேற்கோளில் ‘போக்கிரி லூட்டிவாலாக்கள்’ என்று வசைபாடப்படுகிறவர்கள் ஹைதர் அலியின் மைசூர்க் குதிரைப்படையினர். 1792 ஜனவரியில் ‘மெட்ராஸ் கூரியர்’ பத்திரிகை, மதராசைச் சுற்றி வந்த குதிரைக்காரர்களை எல்லோரும் லூட்டிகள் என்று முத்திரை குத்திவிட்டார்கள், ஆனால் அவர்கள் ரத்தவெறிச் செயல் எதுவும் செய்யாததால் இதைவிட நல்ல பெயருக்கு ஓரளவு தகுதியுள்ளவர்கள் என்று எழுதுகிறது.

இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் இந்த அகராதி எனக்குக் கொடுத்த பெரிய விஷயம் புரியும். பதினெட்டாம் நூற்றாண்டில் ‘லூட்டி’ என்பவன் எப்போதுமே எதிராளி. மைசூர்க் குதிரைக்காரன், கூலிக்குப் பறிக்கிறவன், காட்டில் ஒளிந்திருப்பவன். பத்தொன்பதாம் நூற்றாண்டு பாதி ஆவதற்குள் ‘லூட்’ என்பது நம் கேம்பல் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கக்கூடிய நினைவுப்பொருள். எதிராளியின் மேல் எறிந்த சொல்லை எறிந்தவனே எடுத்துப் போட்டுக்கொண்டான். யூலும் பர்னெலும் இப்படி ஒரு வாதத்தை எங்கும் வைக்கவில்லை. தேதிகளை அடுக்கினார்கள், அவ்வளவுதான். அடுக்கியதை நேர்மையாக அடுக்கியதால் அவர்கள் சொல்லாததையும் நம்மால் படிக்க முடிகிறது. இந்த நேர்மைக்காகவே நான் இந்தப் புத்தகத்தை மதிக்கிறேன்.

தொழில் ரீதியாக இது எனக்கு எங்கே கைகொடுத்தது என்று சொல்கிறேன். 1857 டெல்லி முற்றுகையைப் பற்றிய ஒரு நூலின் தமிழாக்கத்தைச் சரிபார்க்கும் வேலை வந்தது. முதல் வரைவு செய்த தம்பி, நகரம் விழுந்த பிறகு வீடு வீடாகத் தரையைத் தோண்டிப் புதையல் தேடிய ‘பிரைஸ் ஏஜென்ட்’ என்ற அதிகாரிகளைப் ‘பரிசு முகவர்கள்’ என்று போட்டிருந்தார். குலுக்கல் சீட்டுக் கம்பெனிக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டது. லூட், பிளண்டர், பிரைஸ், பூட்டி என்ற ஆங்கிலச் சொற்கள் எல்லாவற்றுக்கும் அவர் ‘கொள்ளை’ என்றே எழுதியிருந்தார். கேட்டால், “அக்கா, எல்லாம் ஒண்ணுதானே? பறிகொடுத்தவனுக்கு என்ன வித்தியாசம்?” என்றார்.

பறிகொடுத்தவனுக்கு வித்தியாசம் இல்லை, உண்மை. பறித்தவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வித்தியாசம் பெரிது, வரலாற்று நூல் அதைக் காட்டியாக வேண்டும். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த இரவு சிப்பாய்கள் ஊருக்குள் புகுந்து அள்ளினார்கள். மறுநாள் பொறுப்பேற்ற ஆர்தர் வெல்லஸ்லி சிலரைத் தூக்கிலிட்டும் பலரைச் சவுக்கால் அடித்தும் அதை அடக்கினார். அதே ஊரில் திப்புவின் கருவூலத்தைக் கணக்கெடுத்து, சிம்மாசனத்தையே துண்டுதுண்டாக உடைத்து, பதவி வாரியாகப் பங்கு போட ஒரு குழு உட்கார்ந்திருந்தது. முன்னது பிளண்டர், தண்டனைக்குரியது. பின்னது பிரைஸ், ரசீதோடு வருவது. சிப்பாய்களின் பேச்சு வழக்கில் இரண்டையும் தழுவிக்கொண்டு நிற்கிற சொல்தான் லூட். ஆக, பிரைஸுக்குப் ‘படைப்பங்கு’ என்றும், அந்த அதிகாரிகளுக்குப் ‘பங்கீட்டு அதிகாரிகள்’ என்றும், பிளண்டருக்குச் ‘சூறை’ என்றும், லூட்டுக்குக் ‘கொள்ளை’ என்றும் வைத்துக்கொண்டோம். சூறை என்றால் நம் காதுக்கு ஒரு வேகமும் சிதறலும் சேர்ந்தே கேட்கும். சூறைக்காற்று, சூறைத்தேங்காய் எல்லாம் அதே குடும்பம். ஊர் விழுந்த முதல் இரவுக்கு அதுதான் சரி.

வழக்குக் காகிதங்களில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே ‘கொள்ளை’ என்ற சொல் ஏற்கெனவே ராபரிக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் ‘கூட்டுக்கொள்ளை’, அதாவது டக்காய்ட்டி. 1860ஆம் வருட தண்டனைச் சட்டத்தின் 391ஆம் பிரிவில் இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 310ஆம் பிரிவில் இருக்கிறது. இந்த ஐந்து பேர் கணக்கை ஹாப்சன்-ஜாப்சனும் ‘டகாய்ட்’ என்ற பதிவில் சொல்கிறது. கலவரத்தில் கடை உடைத்து அள்ளிப்போனதைச் செய்தித்தாள் லூட்டிங் என்று எழுதும், குற்றப்பத்திரிகை அப்படி எழுதாது. சர்வதேச ஒப்பந்தங்களில் வருவதோ பில்லேஜ். பிடிபட்ட ஊரைக்கூடச் சூறையாடக் கூடாது என்று ஹேக் விதிகள் 1907இலும், ஜெனீவாவின் நான்காம் உடன்படிக்கை 1949இலும் அந்தச் சொல்லில்தான் தடைவிதிக்கின்றன. இதற்கெல்லாம் இந்த அகராதி உதவாது. பில்லேஜ், பிளண்டர், ரான்சாக் போன்றவை இந்தியாவிலிருந்து போகாதவை என்பதால் அவற்றுக்குப் பதிவே இருக்காது. ரான்சாக் பழைய நார்ஸ் மொழியில் ‘வீட்டைச் சோதனை போடுவது’. பிளண்டர் பதினேழாம் நூற்றாண்டில் முப்பதாண்டுப் போரின்போது ஜெர்மன் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது, முதலில் வீட்டுச் சாமான் என்ற பொருள் அதற்கு. இதுவும் ஒரு போர் கொண்டுவந்து சேர்த்த சொல்தான். இவற்றுக்கு நீங்கள் பொது ஆங்கில அகராதியைத்தான் பார்க்க வேண்டும்.

குறைகள் உண்டு, மறைக்கப் போவதில்லை. 1903இல் நின்றுபோன புத்தகம் இது. அதற்குப் பிறகு லூட் எங்கெல்லாம் போயிற்று என்று தெரியாது. கனடாவில் குழந்தைகளின் பிறந்தநாள் விருந்து முடிந்து கிளம்பும்போது கையில் கொடுக்கிற பரிசுப் பையை ‘லூட் பேக்’ என்கிறார்கள். டொரொண்டோவில் இருக்கும் நம்மவர் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் மிட்டாயும் பலூனும்தான். வீடியோ கேம் ஆடும் பையன்களுக்கு, வீழ்த்திய எதிரியிடமிருந்து எடுக்கும் சாமான் எல்லாம் லூட். இன்னொரு பக்கம், 2005இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸ் வெள்ளத்தில் எடுத்த இரண்டு செய்திப் படங்கள் இருக்கின்றன. இடுப்பளவு, மார்பளவு தண்ணீரில் கடைச் சாமான்களோடு நடந்து வருகிறவர்கள். கறுப்பு இளைஞர் மளிகைக் கடையை ‘லூட்’ செய்துவிட்டு வருவதாக ஒரு படக்குறிப்பு. வெள்ளை நிறத்தவர் இருவர் மளிகைக் கடையில் ரொட்டியும் சோடாவும் ‘கண்டெடுத்து’ வருவதாக இன்னொன்று. வெவ்வேறு செய்தி நிறுவனங்கள் எடுத்தவை, பக்கத்தில் பக்கத்தில் வைத்து உலகமே பேசியது. 1782இல் மைசூர்க்காரனைக் குறித்த லூட்டியின் வாடை அந்தப் படக்குறிப்பில் எனக்கு அடித்தது. இந்த அகராதியைப் படித்திராவிட்டால் அடித்திருக்காது.

இன்னொரு குறை, தொகுத்தவர்களின் காலம். இந்தியர்களைப் பற்றிய சில விளக்கங்களில் அதிகாரத்தின் இறுமாப்பு வெளிப்படையாகத் தெரியும். சாதிப் பெயர்கள், வழிபாடு பற்றிய பதிவுகளைப் படிக்கும்போது பல்லைக் கடிக்க வேண்டிவரும். புத்தகத்தின் பெயரே அப்படித்தான்: முஹர்ரம் ஊர்வலத்தில் ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்று மார்பிலடித்துக்கொண்டு எழுப்பும் துக்கக் குரலை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் காதில் வாங்கிய விதம்தான் ஹாப்சன்-ஜாப்சன். யாரோ ஒருவரின் துயரத்தை இப்படிச் சிதைத்துத் தலைப்பாக்கியது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அதே சமயம் பர்னெலின் உழைப்பை நாம் குறைத்துச் சொல்லிவிட முடியாது. மதராஸ் சிவில் சர்வீஸில் சேர்ந்து தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர் அவர். சரஸ்வதி மகாலின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அவர் செய்த பட்டியல் 1880இல் அச்சானது. நாற்பத்திரண்டு வயதில், 1882இல் இறந்துவிட்டார். அச்சான அகராதியைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை, யூல்தான் முடித்து வெளியிட்டார். அவருடைய தென்னிந்திய அனுபவம் இருந்ததால்தான் கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி எல்லாம் தமிழ் என்ற அடையாளத்தோடு இதில் இடம்பிடித்திருக்கின்றன. வடக்கே மட்டும் வேலைபார்த்தவர்கள் தொகுத்திருந்தால் நம் பங்கு இவ்வளவு கிடைத்திருக்காது.

இனி, எந்தப் பிரதியை வாங்குவது? என்னிடம் இருப்பது ஓர் இந்திய மறுபதிப்பு, பதிப்பாளர் பெயர் வேண்டாம். விலை குறைவு என்பதைத் தவிர அதில் மெச்ச ஒன்றுமில்லை. படமெடுத்த பக்கங்கள் சில இடங்களில் வெளிறிப்போயிருக்கின்றன. ‘லூட்’ பதிவையே எடுத்துக்கொள்ளுங்கள். க்ரூக் திருத்தித் தந்த ‘லுண்ட்’ என்ற வேரில் எழுத்துக்கடியில் இருக்க வேண்டிய புள்ளி என் பிரதியில் விழவே இல்லை. நாக்கை மடித்து உச்சரிக்கும் ஒலியா, பல்லில் தட்டும் ஒலியா என்பதை அந்தப் புள்ளிதான் சொல்லும். அது போனால் விளக்கமே போயிற்று. கட்டடமும் (பைண்டிங்) சுமார்தான், நடுவில் அழுத்தித் திறந்தால் தாள் கொத்தாகக் கையோடு வருகிறது. வாங்குவதற்கு முன் ‘எல்’ எழுத்துப் பக்கங்களைத் திறந்து எழுத்துக்கு மேலும் கீழும் வரும் குறிகள் தெளிவாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

ஆக்ஸ்ஃபோர்டு 2013இல் கேட் டெல்ட்ஷர் பதிப்பில் கொண்டுவந்த நூல் புதிதாக அச்சுக்கோத்தது, கண்ணுக்கு இதமானது. முன்னுரையும் குறிப்புகளும் அருமை. யூல், பர்னெல் இருவரையும் அறிந்துகொள்ள அதைப் படிக்கலாம். ஆனால் அது தேர்ந்தெடுத்த பதிவுகளின் தொகுப்பு. தேடும் சொல் இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. வேலைக்கு முழுப்பதிப்பே வேண்டும்.

காசு செலவழிக்க வேண்டாம் என்பவர்களுக்கு, சிகாகோ பல்கலைக்கழகம் 1903 பதிப்பு முழுவதையும் தன் தெற்காசிய அகராதிகள் தொகுப்பில் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. அங்கேயே சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும் இருக்கிறது. லூட்டை ஒரு சாளரத்திலும் கொள்ளையை இன்னொரு சாளரத்திலும் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கலாம். கொள்ளைக்கு மிகுதி என்றும் பொருள் இருப்பதால் தமிழில் ‘கொள்ளை அழகு’ சாத்தியமாகிறது. ஆங்கில லூட்டில் அந்த வாசல் கிடையாது. மொழிபெயர்க்கும்போது இந்த மாதிரி இடங்களில் தமிழ் நமக்கு அதிகமாகவே இடம் தருகிறது. சொல்லைத் தட்டித் தேடுவதற்கு இணையப் பதிப்பு வசதி. நானும் அவசரத்துக்கு அதைத்தான் பார்க்கிறேன். ஆனால் லூட்டைத் தேடிப் போய் லூட்டியில் கண் விழுவது தாளில்தான் இயல்பாக நடக்கிறது.

அகராதி என்றால் பொருள் மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் இதை வாங்க வேண்டாம், எரிச்சல்தான் வரும். போட்டித் தேர்வுக்கு ஆங்கிலச் சொல் படிக்கிற பிள்ளைகளுக்கும் இது பயன்படாது. தென்னிந்திய வரலாறு படிக்கிறவர்கள், பழைய கடிதங்கள், ஆவணங்களோடு புழங்குகிறவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் தாராளமாக வாங்கலாம். வாங்கியதும் முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். லூட், லூட்டி, அப்புறம் டகாய்ட், பிண்டாரி, தக் என்ற வரிசையில் ஐந்தையும் படியுங்கள். யார் யாரைக் கொள்ளைக்காரன் என்று அழைத்தார்கள், எந்த வருடம் அழைத்தார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே போனால் ஒரு மாலைப்பொழுது போதும்.